சாராளுக்கு எத்தனை பிள்ளைகள்

1. மூன்றாம் ஓலை

எங்கள் சபையில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிற்றுக்கிழமை ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம் நிச்சயமாகியிருக்கிறது, தடை ஏதும் இருந்தால் தெரிவிக்கலாம் என்று போதகர் சொல்வார். சபை சும்மா இருக்கும். பசுமலைப் பக்கம் எங்கள் மிஷன் அலுவலகத்தில் நான் கிளார்க்காகச் சேர்ந்து ஒன்பது வருஷத்தில் ஒருவரும் எழுந்து பார்த்ததில்லை. எழுபதுகளின் கடைசியில் ஒரு ஞாயிறு, மூன்றாம் ஓலையின்போது ஆசீர்வாதம் வாத்தியார் எழுந்தார்.

மணப்பெண் கிரேஸுக்கு அவர் பெரியப்பா. தம்பி இறந்தபின் அவளை வளர்த்து, டீச்சர் டிரெயினிங் படிக்கவைத்தவர். அவரே பேசி முடித்த கல்யாணம் இது.

"பொண்ணும் மாப்பிள்ளையும் அண்ணன் தங்கச்சி முறை ஆகுது, ஐயா. போன வாரந்தான் தெரிஞ்சது" என்றார்.

மாப்பிள்ளை சாமுவேல், காலேஜில் லேப் அசிஸ்டெண்ட். அவன் அப்பா தங்கராஜ் சிம்மக்கல்லில் ஒரு பழ மண்டியில் வேலை பார்த்தார். ரங்கூனில் பிறந்து வளர்ந்து, குடும்பத்தோடு திரும்பி வந்தவர். ஊர் தெரியாமல் வந்தவர் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது என்பதற்காக, தங்கள் பூர்வீகத்தைப் பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லுவார். பந்தல் விஷயமாகப் பேசப் போன இடத்தில் வாத்தியாரிடமும் சொல்லியிருக்கிறார்: என் தாத்தா ஞானமுத்து, அவரைப் பெற்றவள் கீழக்குயில்குடி சாராள். வாத்தியாருடைய தாத்தா யாக்கோபுவைப் பெற்றவளும் கீழக்குயில்குடி சாராள்தான். தாத்தாக்கள் இருவரும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் என்றால், இரண்டும் ஒரே ஆண்வழி. பங்காளி வீட்டில் பெண் கொடுப்பது இங்கே நடக்காத காரியம்.

போதகர் கல்யாணத்தை நிறுத்திவைத்தார். மறுநாள் காலை என்னைக் கூப்பிட்டு, "ரெஜிஸ்டரைப் பாத்துச் சொல்லிடுங்க, எஸ்தரம்மா. ரெண்டு நாள் வேலைதான்" என்றார்.

எனக்கு அது பத்து வாரம் ஆயிற்று.

2. தூசி

அது ஜூன் மாதம். பள்ளிக்கூடச் சேர்க்கைக்காக ஞானஸ்நான சர்டிபிகேட் கேட்டு வாசலில் ஆட்கள் நிற்பார்கள். அவர்களை அனுப்பிவிட்டு, மத்தியானம் மூன்று மணிக்கு மேல்தான் பழைய ரெஜிஸ்டர்களை எடுக்க முடியும். அந்த அறையில் ஃபேன் போட்டால் தாள் நொறுங்கிப் பறக்கும். போடாவிட்டால் வேர்வை தாளில் விழும். தூசியால் வீட்டுக்குப் போய் இருமுவேன். விட்டுத் தொலை என்று என் கணவர் சொல்வார். அடுத்த நாளும் போவேன்.

புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். மேலிருந்து கீழே தேடாதீர்கள். சாராள் என்று தேடினால் பக்கத்துக்கு மூன்று சாராள் கிடைப்பார்கள். உயிரோடிருக்கிறவரில் ஆரம்பித்து, ஒவ்வொரு தலைமுறையாகப் பின்னால் போக வேண்டும். வாத்தியார் பக்கம் சுலபமாக முடிந்தது. அவர், அவர் அப்பா, தாத்தா யாக்கோபு, எல்லோருக்கும் இங்கேயே ஞானஸ்நானம், இங்கேயே கல்யாணம். தங்கராஜ் பக்கம் ரங்கூனில் போய் அறுந்தது. அவர் தகரப்பெட்டியிலிருந்து அப்பாவின் ரங்கூன் கல்யாண சர்டிபிகேட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். அதில் ஞானமுத்துவின் பெயரும் பிறந்த ஊரும் இருந்தன. அதை வைத்து எங்கள் ரெஜிஸ்டரில் ஞானமுத்துவைப் பிடித்தேன்.

இரண்டு வழியும் ஒரே பெண்ணிடம் வந்து நின்றன. கிரேஸுக்கும் சாமுவேலுக்கும் அவள் தாத்தாவின் அப்பத்தா. நூறு வருஷத்துக்கு முந்தைய தாது வருஷப் பஞ்சத்தில் வந்து சேர்ந்தவள். பழைய பெயர் பேச்சி. புருஷன் என்ற இடத்தில் "ஊரைவிட்டுப் போனான்" என்று எழுதியிருந்தது. யாக்கோபு கைக்குழந்தையாக அவளோடு ஞானஸ்நானம் பெற்றிருந்தான். நான்கு மாதம் கழித்து ஞானமுத்துவின் ஞானஸ்நானம். தாய், சாராள். தகப்பன் பெயருக்கு ஒரு கோடு.

பிறகு அவள் மிஷன் போர்டிங் பள்ளியில் சமையல்காரி. முப்பது வருஷத்துக்கு மேல் அந்த அடுப்படியில் இருந்திருக்கிறாள். ஞானமுத்துவின் கல்யாணப் பதிவில் தாயார் என்று எழுதி, பக்கத்தில் அவள் பெருவிரல் ரேகை. அதற்கப்புறம் ஒரு அடக்கப் பதிவு. வயது சுமார் அறுபது. ஒரு மனுஷியின் ஆயுசு ஆறு வரியில் முடிந்தது.

வாத்தியார் சொன்னது சரிதான் என்று டைப் அடித்துக் கொடுத்திருக்கலாம். அன்றைக்கு நான் இருந்த அலுப்பில் பேப்பரை மெஷினில் மாட்டியும்விட்டேன். இரண்டு பிள்ளைகளின் வயது மட்டும் உறுத்தியது. யாக்கோபுக்கு ஏழு மாதம் என்று போட்டிருந்தது. நான்கு மாதம் கழித்து வந்த ஞானமுத்துவுக்கு ஒரு வயது. பிந்தி ஞானஸ்நானம் பெற்ற பிள்ளை மூத்தவனாக இருக்கலாம். ஆனால் ஒரே தாய்க்கு ஒரு மாத இடைவெளியில் இரண்டு பிள்ளை பிறக்காது.

பேப்பரை உருவி எடுத்துவிட்டேன்.

3. உபதேசியாரின் டைரி

ஞானமுத்துவின் பெயருக்குப் பக்கத்தில் பென்சிலில் "நா" என்று ஒரு எழுத்தும் ஒரு எண்ணும் இருந்தன. என்னவென்று புரியவில்லை. மூன்று வாரம் கழித்து, பைண்டிங் பிரிந்துபோன ஒரு கட்டை நூல் போட்டுக் கட்டும்போதுதான் தெரிந்தது. ரெஜிஸ்டருக்குப் பின்னால் அந்தக் காலத்துச் சபை உபதேசியாரின் நாட்குறிப்பையும் சேர்த்துத் தைத்திருந்தார்கள். அந்த எண்ணுள்ள பக்கத்தைப் புரட்டினேன்.

"கஞ்சித் தொட்டியண்டை ஒரு ஸ்திரீ மரித்தாள். ஊர் பேர் விளங்கவில்லை. ஆண் பிள்ளை மடியிலிருந்தது. கீழக்குயில்குடி சாராள் தன் பிள்ளையோடே இதற்கும் பால் கொடுக்கிறாள். வேண்டாமென்றும் கேட்கவில்லை."

பஞ்சத்தில் அந்தத் தொட்டியில் ஊற்றிய தர்மக் கஞ்சியைக் குடித்துக்கொண்டிருந்தவள். அவளுக்கே எவ்வளவு பால் இருந்திருக்கும் என்று நினைத்தேன். பிறகு சந்தோஷம் வந்தது. ரத்த உறவு இல்லை, கல்யாணம் நடக்கும். நல்ல செய்தி கொண்டுபோகிறவள் மாதிரி போதகர் அறைக்கு நடந்தேன்.

4. ஒரு மேசை, நான்கு பேர்

போதகர் எல்லோரையும் கூப்பிட்டார். வாத்தியார், கிரேஸ், தங்கராஜ், சாமுவேல். அந்தப் பக்கத்தை நான்தான் வாசித்தேன்.

சாமுவேல் கிரேஸைப் பார்த்தான். வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, யாரையும் பார்க்காமல், அப்படியானால் ஞானமுத்து யார் பெற்ற பிள்ளையோ, என்ன குலமோ என்றார். நெருங்கிய உறவு என்று நிறுத்தியவருக்கு இப்போது உறவே இல்லை என்பது தடையாகிவிட்டது. கிரேஸ் அதுவரை அவரை எதிர்த்துப் பேசியவள் இல்லை.

"நாமளும் கஞ்சித் தொட்டியிலருந்து வந்தவகதான, பெரியப்பா" என்றாள். குரலை உயர்த்தவில்லை.

தங்கராஜ் ரெஜிஸ்டரைத் தன் பக்கம் திருப்பச் சொன்னார். பெருவிரல் ரேகை இருந்த பக்கத்தைக் கேட்டார். எடுத்துக் காட்டினேன். தொடவில்லை, பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அம்புட்டுத் தூரம் போயும் எங்க தாத்தன் சாராள் மகன்னுதான் சொல்லிக்கிட்டிருந்தாரு. எங்கப்பாவும் அதையே சொன்னாரு. பால் குடுத்தவ ஆத்தா இல்லையாம்மா?" என்று என்னைக் கேட்டார்.

அவரே தொடர்ந்தார்.

"அவ எங்க ஆத்தான்னு நான் சொன்னா, எம் மகனுக்கு இந்தக் கல்யாணம் இல்ல. இல்லைன்னு சொன்னா எங்க தாத்தன் தெருவுல கெடந்த பிள்ள. நான் எதைச் சொல்ல?"

அவர் யோசித்துச் சொல்லட்டும் என்று போதகர் அனுப்பிவைத்தார். வெளியே போகும்போது சாமுவேல் அப்பாவின் கையைப் பிடிக்கப் போனான். அவர் கையை விலக்கிக்கொண்டு முன்னால் நடந்தார். இரண்டு நாளில் முடிந்திருந்தால் இதெல்லாம் வந்திருக்காதே என்று தோன்றியது. தப்பான பதிலோடு முடிந்திருக்கும் என்பதும் தெரிந்தது.

5. எழுதப்படாதது

பன்னிரண்டு நாள் கழித்து ஒரு மத்தியானம் தங்கராஜ் தனியாக வந்தார். மண்டியிலிருந்து நேராக வந்திருக்க வேண்டும், சட்டையெல்லாம் வாழைக்கறை. மகன் வீட்டில் சரியாகச் சாப்பிடுவதில்லை, அந்தப் பிள்ளையும் பெரியப்பா வீட்டில் யாரோடும் பேசுவதில்லையாம் என்றார். செத்துப்போனவளுக்காக இருக்கிறவர்களைச் சாகடிக்க முடியாது என்றார்.

"சாராளுக்கு ஒரு மகன்தான்னு எழுதிக்குங்க. கையெழுத்துப் போடுறேன்."

டைப் அடித்தேன். போட்டார். பேனாவை மூடி என்னிடம் கொடுத்துவிட்டு, போகாமல் நின்றார்.

"அந்தக் கஞ்சித் தொட்டிப் பொம்பளைய எங்க பொதச்சாகம்மா?"

நான் நாட்குறிப்பை எடுத்து அந்தப் பக்கத்தையும் அடுத்த பக்கங்களையும் புரட்டினேன். இல்லையென்று எனக்குத் தெரியும், ஏற்கெனவே தேடியிருந்தேன். ஆனாலும் அவர் எதிரில் ஒவ்வொரு தாளாகப் பார்த்தேன்.

"எழுதல, அண்ணே."

அவர் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார். அழவில்லை. ரேகை போட்ட பக்கத்தை மறுபடி கேட்கவும் இல்லை. வெளியில் சர்டிபிகேட்டுக்கு மூன்று பேர் நின்றார்கள். கொஞ்சம் இருங்கள் என்று கைகாட்டினேன். கால்மணி நேரம் போல இருந்துவிட்டு, வாரேம்மா என்று சொல்லி எழுந்து போனார்.

கல்யாணம் ஆவணியில் நடந்தது. வாத்தியார் வந்தார், சாட்சிக் கையெழுத்தும் போட்டார், சாப்பிடாமல் போனார். தங்கராஜ் பந்தியில் நின்று கடைசி வரை பரிமாறினார். தன் பூர்வீகத்தைப் பற்றி அவர் பேசி அதற்கப்புறம் நான் கேட்டதில்லை.

நான் அந்த நாற்காலியில் இன்னும் பல வருஷம் இருந்தேன். எத்தனையோ குடும்பங்களுக்குப் பாட்டன் பூட்டனைத் தேடிக் கொடுத்தேன். அந்தக் கல்யாணத்துக்குப் பிறகு ஒன்றை மட்டும் மாற்றிக்கொண்டேன். ரெஜிஸ்டரைத் திறக்கும் முன், நீங்கள் நினைத்தது இதில் இல்லாமல் போகலாம், பரவாயில்லையா என்று கேட்பேன். சிலர் யோசித்துவிட்டு, அப்புறம் வருகிறேன் என்று போய்விடுவார்கள். அவர்களை நான் தடுத்ததில்லை.

என் இடத்துக்கு வந்திருக்கிற பிள்ளைகளுக்குச் சொல்ல எனக்கு இவ்வளவுதான் இருக்கிறது. வயதைக் கூட்டிப் பாருங்கள். பென்சில் குறியை விடாதீர்கள். உள்ளதை உள்ளபடி வாசியுங்கள். வாசித்து முடித்த கையோடு அடுத்த ஆளைக் கூப்பிடாதீர்கள். எதிரில் இருப்பவர் எழுந்திருக்க எவ்வளவு நேரமாகிறதோ, அவ்வளவு நேரம் உட்கார்ந்திருக்கட்டும்.