மாடியை விடாத ரோஸ்விதா

ஹார்ஸ் மலையடிவாரத்தில், மரச்சட்டங்களுக்கு நடுவே களிமண் அப்பிக் கட்டிய தன் பழைய வீட்டை நகராட்சிக்கு எழுதிக் கொடுத்தபோது ரோஸ்விதா ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள். கீழே அருங்காட்சியகம் இருக்கட்டும். மாடி அறையில் அவள் இருப்பாள். நகராட்சியும் தன் பங்குக்கு ஒரு வரி சேர்த்தது: பிறர் உதவியின்றிப் படியேற முடிகிற வரைக்கும்.

அங்கே அவளுக்குப் பொழுது போகாத நாளே கிடையாது. பலகைத் தரையின் இடுக்கு வழியே பார்வையாளர்கள் பேசுவதெல்லாம் கேட்கும். "இது தானியப் பெட்டி" என்று பொறுப்பாளர் டெட்லெஃப் விளக்கினால், மேலிருந்து குரல் வரும்: "தானியமாவது! என் மாமியார் அதுல செருப்பைத்தான் போட்டு வெச்சிருந்தாங்க."

கூட்டம் சிரிக்கும். டெட்லெஃபின் முகம் கடுகடுக்கும். இன்றைக்கு யார் வருவார்கள், என்ன கேட்பார்கள் என்று அறியவே எண்பத்து நான்கு வயதிலும் அவள் சீக்கிரம் எழுந்துவிடுவாள்.

பிப்ரவரியில் இடுப்பெலும்பு முறிந்தது. விழுந்தது கடைத்தெருப் பனியில்தான், படியில் இல்லை. ஆனாலும் ஏப்ரலில், அவள் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியதும், படியேற முடிகிறதா என்று சோதித்துப் பார்க்க பிர்டே என்ற முதியோர் பராமரிப்பு அதிகாரி வந்து நின்றாள்.

படி ஏணி போலச் செங்குத்தானது. பக்கத்தில் தொங்கிய பழைய கயிற்றில் 'தொடாதீர்கள்' என்று ஓர் அட்டை. ரோஸ்விதா கயிற்றைப் பிடித்து, நல்ல காலை முதலில் வைத்து ஏறினாள். இறங்கும்போது முதுகைக் காட்டி, நோவுள்ள காலை முதலில் வைத்தாள். முறை அதுதான்.

"ஐயோ, அது காட்சிப் பொருள்!" என்றான் டெட்லெஃப்.

"நான் மட்டும் என்னவாம்?"

"ஏம்மா, பின்பக்கமாவா இறங்குவீங்க?" என்றாள் பிர்டே.

"முன்பக்கமா இறங்கினவங்க யாரும் இந்த வீட்ல கிழவியாகலையே."

பிர்டே சிரிக்காமல் காகிதத்தைப் பார்த்தாள். "உதவியில்லாமன்னு போட்டிருக்கு. கயிறும் உதவிதானே?"

"அதானே!" என்றான் டெட்லெஃப்.

ரோஸ்விதா படியிலிருந்து விலகி வழிவிட்டாள். "அறையையும் பாத்துட்டு எழுதுங்க" என்றாள்.

பிர்டே ஏறினாள். மூன்றாம் படியில் கை தானாகக் கயிற்றைத் தேடிப் பிடித்தது. பின்னால் போன டெட்லெஃபும் பிடித்தான். கீழே நின்ற ரோஸ்விதா இருவர் கைகளையும் பார்த்தாள்.

பிர்டே மேல்படியில் உட்கார்ந்தே எழுதி முடித்தாள். "நீங்க இருக்கலாம்மா. ஆனா மறுபக்கமும் ஒரு கயிறு வேணும். கழுத்துல, விழுந்தா அழுத்துறதுக்கு ஒரு அழைப்பு மணி. குளிப்பாட்ட வாரம் ரெண்டு தடவை ஆள் வரும்."

"வர்றவ பேசுவாளா?"

"வாய் ஓயாது."

"அப்ப சரி."

மத்தியானமே டெட்லெஃப் புதுக் கயிறு கட்டினான். ரோஸ்விதா முடிச்சை இழுத்துப் பார்த்தாள்.

"முதல்ல நீ தொங்கிக் காட்டு" என்றாள்.

அவன் தொங்கினான்.