சிவப்பு மருந்தில் தோய்த்த காலுறை

டிசம்பர் பிறந்ததும் பீரோவின் மேல்தட்டிலிருந்து அந்தக் காலுறையை எடுத்து வெயிலில் போடுவேன். கடையில் வாங்கியதல்ல. மாவுக்கட்டு போடுவதற்கு முன் காலில் மாட்டுவார்களே, நீளமான பின்னல் துணிக்குழாய், அதில் ஒரு முழம் வெட்டி, ஒரு முனையைத் தைத்து, புண்ணுக்குத் தடவும் சிவப்பு மருந்தில் முக்கி எடுத்தது. சாயம் எங்கும் ஒரே மாதிரி ஏறவில்லை. புதிதாகவே சாயம் ஏற்றித் தருகிறேன் என்று என் மகன் வருடா வருடம் சொல்கிறான், நான் கொடுப்பதில்லை.

தொண்ணூறுகளில் கோவையில் ஓர் ஆஸ்பத்திரியின் குழந்தைகள் வார்டில் நான் புதிய நர்ஸ். வார்டின் தலைமை நர்ஸை எல்லோரும் பெரிய சிஸ்டர் என்போம். குரல் உயராது, பிடிவாதம் மட்டும் மலையளவு. அந்த டிசம்பரில் பெருந்துறைப் பக்கம் கடலைத் தோட்டம் வைத்திருந்தவர் வீட்டுச் சிறுமி ஒருத்தி, விளையாட்டில் ஈர்க்குச்சி குத்திய கண்ணோடு வந்தாள். ஆபரேஷன் ஆனது. ஒரு கண் அசைந்தால் மற்றதும் அசையும் என்று நல்ல கண்ணையும் சேர்த்துக் கட்டிவிட்டார்கள். வருடம் முடியும்வரை கண்கட்டின் மேல் கை படக்கூடாது, பட்டால் பார்வைக்கு உத்தரவாதமில்லை என்றார் டாக்டர். ஆனால் இருட்டில் சும்மா கிடக்கும் குழந்தையின் கை வேறு எங்கே போகும்? இரண்டு முறை கட்டைப் பிய்க்கப் பார்த்துவிட்டாள். இன்னொரு முறை செய்தால் கையைக் கட்டிலோடு கட்டிவிடச் சொல்லிவிட்டார் டாக்டர்.

"கையைக் கட்ட வேண்டாமுங்க டாக்டர். அதுக்கு வேலை குடுத்துப் பாக்கறேனுங்க" என்றார் பெரிய சிஸ்டர்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள், சர்ச் பெண்கள் வழக்கம்போல வார்டுப் பிள்ளைகளுக்குப் பரிசு நிரப்பிய காலுறைகளைக் கொண்டுவந்தார்கள். எல்லாப் பிள்ளைக்கும் ஒரே சரக்கு: கலர் பென்சில், படப் புத்தகம், பலூன், ஊதல். நல்ல மனசுதான். ஆனால் கண் கட்டியவளுக்குக் கலர் பென்சில் எதற்கு? பலூனையும் ஊதலையும் முக்கி ஊதினால் தையல் என்னாவது? அவளுக்கு வந்ததைப் பெரிய சிஸ்டர் பக்கத்துக் கட்டில் பையனுக்குக் கொடுத்துவிட்டு, என்னை இழுத்துக்கொண்டு டவுன்ஹால் கடைவீதிக்குக் கிளம்பினார்.

அங்கே அவர் பொருள் வாங்கிய அழகைச் சொல்ல வேண்டும். கண்ணை இறுக மூடிக்கொண்டு ஒவ்வொன்றையும் தடவிப் பார்த்தார். ஐந்து நிமிடத்தில் விரலுக்கு அலுத்துப்போவதை எல்லாம் திருப்பி வைத்தார். கடைக்காரர் என்னைப் பார்த்து, "ஏனுங்க, இந்தம்மாவுக்கு ஒடம்புக்கு ஏதாச்சுமுங்களா?" என்று மெல்லக் கேட்டார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. வாங்கியது ஒரு கொலுசு மணிச் சரம் மட்டும். மீதி எல்லாம் வெளியே கிடைத்தது. அவர் தம்பியின் லேத் பட்டறையிலிருந்து பெரிதும் சிறிதுமாகப் போல்ட்டும் நட்டும் வந்தன, எந்த நட்டு எதற்கு என்று தேடித் தேடித் திருக. தையல்காரரிடமிருந்து வெல்வெட், பட்டு, டெரிகாட்டன் துண்டுகள், ஜோடி சேர்க்க. அன்றிரவே மாவுக்கட்டுத் துணிக்குழாயை வெட்டித் தைத்து, சிவப்பு மருந்தில் முக்கிக் காலுறையாக்கி எல்லாவற்றையும் நிரப்பினார். அதன் அடியில், கழுவிக் காயவைத்த நிலக்கடலை.

விடிந்ததும் தலைமாட்டில் மாட்டினார். சிறுமியின் தாய் தயங்கி, "நாங்க இதெல்லாம் கும்பிடறதில்லீங்களே" என்றார். "கும்பிடறதுக்கு இல்லீங்க அம்மணி, கையை உட்டுத் துழாவறதுக்கு" என்றார் சிஸ்டர். சிறுமி உள்ளே கைவிட்டாள். மணி கிலுங்கியது. வந்து சேர்ந்தபின் அன்றுதான் அவள் சிரித்து நான் பார்த்தேன்.

"இது என்ன கலருங்க சிஸ்டர்?"

"நீயே பாத்துச் சொல்லு கண்ணு. அவசரமில்ல."

அதற்குப் பிறகு அந்தக் கைகளுக்கு ஓய்வே இல்லை. நட்டைத் திருகினாள், பிரித்தாள், மறுபடி திருகினாள். கடலை கையில் பட்டதும் தோட்டத்துப் பிள்ளை யாரென்று தெரிந்தது. அவள் உரித்த வேகத்துக்கு நாங்கள் யாரும் ஈடில்லை. சமையலறையில் அதை வேகவைத்து வார்டு முழுக்கத் தின்றோம். தீர்ந்ததும் அவள் அப்பா ஊரிலிருந்து ஒரு மூட்டையே கொண்டுவந்து போட்டார். டாக்டர் ஒவ்வொரு நாளும் கட்டைப் பார்த்தார். அது கலையவே இல்லை. கையைக் கட்டுவதைப் பற்றி அவர் பிறகு பேசவில்லை.

கட்டுப் பிரித்த நாள் நான் பக்கத்தில்தான் நின்றேன். டாக்டர் நல்ல கண்ணை மூடிவிட்டு, என்ன தெரிகிறது என்று கேட்டார். கட்டிலின் கால்மாட்டில் பெரிய சிஸ்டர் காலுறையைத் தூக்கிப் பிடித்தார். சிறுமி கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தாள்.

"செவப்புங்க" என்றாள். பிறகு கொஞ்சம் யோசித்து, "சாயந்தான் அங்கங்க திட்டுத் திட்டா இருக்குதுங்க."

டாக்டர் விழுந்து விழுந்து சிரித்தார். பெரிய சிஸ்டர் காலுறையாலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டார். அத்தனை சந்தோஷமான குறையை அந்த வார்டில் அதற்கு முன் யாரும் சொன்னதில்லை. பெரிய சிஸ்டர் ஓய்வு பெற்றபோது அந்தக் காலுறையை என்னிடம் கொடுத்தார்.

இன்று வெயிலில் காயும்போது பார்க்கிறேன், குதிகால் பக்கம் அந்தத் திட்டு இன்னும் இருக்கிறது. மகன் சாயப் பொடியோடு வந்து நிற்கிறான். போடா, அது ஒரு பிள்ளை கண்ணால் பார்த்துச் சொன்ன திட்டு, அதில் யாரும் கை வைக்கக்கூடாது என்று சொல்லிவிட்டேன்.