குளவி விஷமும் நல்ல ரத்தமும்

"கையை நீட்டுங்க, ரெண்டே மில்லிதான்!" ஆய்வகத்துக்குள் நுழையும்போதே மேடம் ஆரம்பித்துவிடுவார். கையில் ஊசி, தோளில் ரப்பர் பட்டை. அவரைக் கண்டதும் எல்லோருக்கும் எங்கிருந்தோ அவசர வேலை வந்துவிடும். 'கொசு மேடம்' என்று பெயர் வைத்த புண்ணியவான்களும் அவர்கள்தான்.

குளவி விஷத்தில் ஒரு சின்னப் புரதத் துண்டு இருக்கிறது. செல்லின் மேல்சவ்வில் ஒட்டி ஓட்டை போடும். உள்ளே இருப்பதெல்லாம் கசிந்து செல் செத்துப்போகும். கண்ணாடித் தட்டில் புற்றுநோய் செல்கள் அப்படிக் கூண்டோடு அழிந்த அன்று மேடத்துக்குக் கால் தரையில் பாவவில்லை. நல்ல செல்லை அது என்ன செய்யும் என்று பார்க்கக்கூடப் பொறுமை இல்லை. மார்பில் கட்டியோடு இருந்த அக்காவுக்குப் போன் போட்டுவிட்டார்.

"நம்ம குளவி கெட்டதை மட்டும் தேடிப் போய்க் கொட்டும்க்கா!"

பிறகுதான் ரத்தத்தில் சோதித்தார். சிவப்பணுக்கள் முழுசாக இருந்தால் குழாயின் அடியில் படியும், மேலே தெளிந்த நீர் நிற்கும். விஷம் சேர்த்த குழாயின் அடியில் ஒன்றுமே இல்லை. அத்தனையும் வெடித்து, நீர் முழுக்கச் சிவந்திருந்தது. மனசு ஒப்புமா? கொடுத்தவர்களின் ரத்தத்தைக் குறை சொன்னார். காவலாளியிடம், "சிகரெட்டை விடுங்க, அணுவெல்லாம் சொத்தை!" தலைமை விஞ்ஞானியிடமே, "சார், உங்க ரத்தத்துல தெம்பே இல்ல." பாவம், அந்த மனிதர் சத்து மாத்திரை விழுங்கத் தொடங்கினார்.

இதற்கிடையில் அத்தான் போன் செய்தார். "உங்கக்கா ஆபரேஷன் வேணாம்னு டாக்டர்கிட்ட சொல்லிட்டு வந்துட்டாம்மா. தங்கச்சி மருந்து வரட்டும்ங்கிறா. எப்ப வரும்?"

அன்று மேடம் தன் கையிலேயே ஊசியைக் குத்தி ரத்தம் எடுத்தார். அதற்கு என்ன குறை சொல்வது? விஷம் சேர்த்ததும் அந்தக் குழாயும் முழுக்கச் சிவந்தது. அவமானம் பிடுங்கித் தின்றது.

அந்தக் குழாயோடு அக்கா வீட்டுக்குப் போனார்.

"இது என் ரத்தம்க்கா. குளவிக்கு நல்லது கெட்டது தெரியல. நான்தான் அவசரப்பட்டு உளறிட்டேன்." தலை நிமிரவே இல்லை.

"உன்னை நம்பித்தானேடி வேணாம்னேன்" என்ற அக்கா, ஆஸ்பத்திரி எண்ணை அழுத்தி, ஸ்பீக்கரைப் போட்டு நீட்டினார். "நீயே தேதி கேளு."

மறுமுனையில் இருந்த பெண் விவரமெல்லாம் கேட்டுவிட்டு, "நீங்க அவங்களுக்கு என்ன வேணும்?" என்றாள்.

மேடம் கையிலிருந்த சிவந்த குழாயைப் பார்த்தார். அக்கா எட்டி, போன் பக்கம் குனிந்து, "என் தங்கச்சி" என்றார், சத்தமாக.