பெயரைச் சொல்லாத இரண்டு பெண்கள்

என் வீட்டுக்காரர் மேடை ஏறினால் அட்டன் மழைகூட நின்று கேட்டுவிட்டுப் போகும் என்பார்கள். அப்படிச் சொன்னவர்களில் பாதிப் பேருக்கு அவரால் ஆக வேண்டிய காரியம் ஏதாவது இருந்தது. அதே குரலை வீட்டுக்குள்ளும் கேட்டவள் நான். மேடையில் "தாய்மார்களே" என்று உருகுகிறவர், கதவைச் சாத்தியதும் "ஏ புள்ள, தண்ணி கொண்டா" என்பார். ஊரில் எத்தனையோ பெண்களிடம் பேசுவார், எல்லோருக்கும் "வாங்க, போங்க"தான். "ஏ புள்ள" என்பது பெண்டாட்டிக்கு மட்டும் வைத்திருந்த கூப்பாடு. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

அறுபதுகளின் நடுவில் நாங்கள் இலங்கை மலைநாட்டில், அட்டன் டவுனில் ஒரு துணிக்கடைக்கு மேல்மாடியில் குடியிருந்தோம். அவர் தொழிற்சங்கத்தின் மாவட்டத் தலைவர். நான் மாதர் பிரிவு. தேயிலைத் தோட்டம் தோட்டமாக ஏறி இறங்கிப் பெண்களைக் கூட்டத்துக்குச் சேர்ப்பது என் வேலை. என் அப்பா பஜாரில் பலசரக்குக் கடை வைத்திருந்தவர். பெண் கேட்டு வந்தபோது இவர், தன் ஆட்கள் திருச்சிப் பக்கம் வியாபாரக் குடும்பம், எல்லோரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள், விசாரிக்க ஆள் இல்லை என்றார். ஒரு மூட்டைப் பருப்பை மூன்று தடவை கிளறிப் பார்த்து வாங்குகிற அப்பா, மாப்பிள்ளை விஷயத்தில் பேச்சைக் கேட்டே மயங்கிவிட்டார்.

அந்த வருடம் என் வீட்டுக்காரருக்கு ஒரே நினைப்பு. பாராளுமன்றத்தில் எங்கள் மக்களுக்கென்று ஒரு நியமன இடம் கிடைக்கப் போகிறது என்று கொழும்பில் பேச்சு அடிபட்டது. அந்த இடத்துக்கு இவரும், கண்டிப் பக்கத்து ஆள் ஒருவரும் போட்டி. வீடு வீடாக இல்லை, ரயில் ஸ்டேஷனாகிவிட்டது. யார் யாரோ வந்தார்கள், குசுகுசுவென்று பேசினார்கள், பாதித் தேத்தண்ணியை வைத்துவிட்டு எழுந்து போனார்கள். டெலிபோன் மணி அடித்தால் இவர் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிடுவார். கொழும்புக்குப் போட்டுக்கொண்டு போக ஒரு வெள்ளைக் கோட்டு தைத்து அலுமாரிக் கதவில் மாட்டியிருந்தார். அறைக்குள் போகும்போதெல்லாம் யாரோ நிற்கிறார்கள் என்று எனக்குத் தூக்கிவாரிப் போடும்.

அந்த நேரம் பார்த்துத்தான் நோர்வூட்டைத் தாண்டி ஒரு தோட்டத்தில் வேலைநிறுத்தம் வந்தது. வயிற்றுப்பிள்ளைக்காரி ஒருத்தி மலையில் உட்கார்ந்துவிட்டாள் என்று கணக்கப்பிள்ளை அவளுக்கு அரைப் பேர் போட்டிருக்கிறார். அரைநாள் கூலிதான். மற்றப் பெண்கள் கொழுந்து நிறுக்கும் இடத்தில் அவரைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு பொழுது சாயும்வரை எழவில்லை. மறுநாள் தோட்டத்துத் துரை ஏழு பெண்களுக்குப் பத்துச்சீட்டுக் கொடுத்துவிட்டார். வேலையும் போச்சு, குடியிருக்கத் தோட்டம் கொடுத்த லயத்து அறையும் போச்சு என்று அர்த்தம். மொத்தத் தோட்டமும் காலையில் ஆள் எண்ணும் பெரட்டுக்குப் போகாமல் நின்றது.

முதல் கூட்டத்துக்கு நானும் போனேன். ஏழு பேரில் முன்னால் நின்றவள் என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவள். நெடுநெடுவென்று உயரம், நெற்றியில் காலணா அகலத்துக்குக் குங்குமம். லிந்துலைப் பக்கத்திலிருந்து இந்தத் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தவள், புருஷன் விட்டுவிட்டுப் போய்விட்டான் என்று பெண்கள் சொன்னார்கள். அவள் குரல் கொடுத்தால் எதிர்மலையில் கேட்கும். "ஏழு பேரையும் எடு" என்று கத்தினாள், "கணக்கப்பிள்ளையை மாத்து" என்று கத்தினாள். என் வீட்டுக்காரர் பெயரைச் சொல்லி "வாழ்க" என்று கூட்டம் கூவியபோது மட்டும் அவள் வாய் பூட்டு போட்டதுபோல மூடிக்கொண்டது.

எனக்கு அது எப்படிக் கண்ணில் பட்டது என்றால், அந்தக் கூட்டத்தில் அந்தப் பெயரைச் சொல்லாத இன்னொருத்தி நான். புருஷன் பெயரைச் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்று எங்கள் பெண்களுக்கு ஒரு பயம். டிஸ்பென்சரியில் பெயர் கேட்டால்கூடப் பக்கத்தில் நிற்கிறவள்தான் சொல்ல வேண்டும். நானும் "தலைவர் வாழ்க" என்று பொதுவாகச் சொல்லி ஒப்பேற்றுவேன்.

கூட்டம் முடிந்ததும் அவளைச் சீண்டினேன். "என்னக்கா, எங்க வீட்டுக்காரர் மேல கோவமா? அவரு பேருக்கு மட்டும் வாழ்க இல்லையா?"

அவள் சிரித்தாள். "ஐயய்யோ, இல்லைங்கம்மா. அது எங்க மாமனார் பேருங்க. வாயில வராது."

மாமனார் பெயரையும் சொல்லக்கூடாதுதான். நான் நம்பிவிட்டேன்.

அன்றைக்கு மேடையில் பாதிப் பேச்சில் என் வீட்டுக்காரர் தண்ணீர் கேட்டதற்கு மழைக்காற்றின் மேல் பழி போட்டேன். அதற்குப் பிறகு அவர் ஆளே மாறிப்போனார். முன் அறைக்கும் பின் அறைக்குமாக நடப்பார். ஜன்னலைத் திறப்பார், கீழே தெருவைப் பார்ப்பார், மூடுவார். சோற்றில் கை வைத்துவிட்டு எதற்கு உட்கார்ந்தோம் என்பதுபோலப் பார்ப்பார். "ஒரு குடும்பம்கூட வெளியேறாது" என்று மேடையில் அறைகூவியவர், இரண்டாம் வாரம் "எல்லாத்தையும் ஒரேயடியா பிடிச்சா கை நழுவிப் போகும்" என்று தொடங்கினார். துரையின் காரில் ஒரு விஸ்கிப் பெட்டி வந்து இறங்கியது. கிளப்பில் கொழும்புப் பெரிய மனிதர்களிடம் துரை இவரைப் பற்றி நாலு வார்த்தை சொல்லப் போகிறாராம். வேலைநிறுத்தத்தை முடித்துவைத்தவர் என்று பெயர் வந்தால் இடம் இவருக்குத்தான்.

அப்புறம் என்னிடம் வந்தார். "அந்த முன்னால நிக்கிற பொம்பளை மட்டும் போகட்டும்னு துரை சொல்றாரு. மத்த ஆறு பேரையும் எடுத்துக்குவாராம். ரெண்டு அரசாங்கமும் ஒப்பந்தம் போட்டு நம்ம ஆளுங்களை இந்தியாவுக்கு அனுப்புதே, அதுல போக ஒத்துக்கிட்டா நானே ஏற்பாடு பண்றேன். பொம்பளைக்குப் பொம்பளை நீ பேசு."

நான் அவளுடைய லயத்துக்குப் போனேன். ஒற்றை அறை. அடுப்புக்கு மேல் விறகு காய்ந்துகொண்டிருந்தது. ரொட்டி சுட்டு, கட்டச்சம்பல் அரைத்து, என் தட்டில்தான் முதலில் வைத்தாள். இந்தியா என்றதும் மலங்க மலங்க விழித்தாள்.

"அங்க எனக்கு யாரும்மா இருக்கா? நான் பொறந்தது லிந்துலைங்க. கப்பலைக்கூடப் பார்த்ததில்ல. நான் இங்கயே சாவுறேன்."

பேச்சை மாற்ற, விட்டுப்போன புருஷனைப் பற்றிக் கேட்டேன். அவள் குறை சொல்லவில்லை. "படிச்சவங்க. ஆபீஸ் வேலைக்குப் போனவங்க திரும்பல. தூக்கத்துல பல்லை நறநறன்னு கடிப்பாங்க. தோள்ல லேசாத் தட்டினா நிப்பாட்டுவாங்க. இப்ப யாரு தட்டுறாங்களோ."

"ஊர்ல பாதி ஆம்பளைங்க பல்லு கடிக்கிறவங்கதான்க்கா. எங்க வீட்டுலயும் தட்டித் தட்டி எனக்குக் கை மரத்துப்போச்சு" என்று நான் பெரிதாகச் சிரித்தேன்.

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். எழுந்து இன்னொரு ரொட்டியை என் தட்டில் வைத்தாள். "தட்டுங்கம்மா" என்றாள். நான் அந்த ரொட்டியைப் பிய்க்காமலே எழுந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து, அவள் ஒத்துக்கொள்ளவில்லை என்று மட்டும் சொன்னேன். அவர், "ஒத்துக்காட்டி என்ன, அனுப்புறதுக்கு வழி இருக்கு" என்றார். எனக்கு எரிச்சலாக வந்தது. ஒற்றைப் பெண்ணைத் துரத்த இந்த மனிதருக்கு ஏன் இவ்வளவு முனைப்பு என்று அன்றுதான் யோசிக்கத் தொடங்கினேன். யோசித்தேனே தவிர, முடிவு வரைக்கும் போகப் பயமாக இருந்தது.

தோட்டத்து ஆபீஸ் வராந்தாவில் பேச்சுவார்த்தை. மேசைக்கு ஒரு பக்கம் துரையும் பெரிய கிளாக்கரும். நடுவில் லேபர் ஆபிசர். அவர் சிங்களவர், தமிழ் தெரியாது, கிளாக்கர்தான் சொல்லிக் கொடுக்க வேண்டும். மறுபக்கம் என் வீட்டுக்காரர், அந்த வெள்ளைக் கோட்டோடு. அங்கிருந்து நேரே கொழும்புக்குப் போவதாக ஏற்பாடு. நானும் ஏழு பெண்களும் படிக்கட்டில். முற்றம் முழுக்கத் தோட்டத்து ஜனம், தலையில் கம்பளிச் சாக்கோடு.

ஆறு பேருக்கு வேலை, ஒருத்திக்கு இந்தியா. அப்படித்தான் வாசித்தார்கள். அவள் எழுந்து, "நான் போகலைங்க" என்றாள். அதை யாரும் காதில் வாங்கவில்லை. போகிறவளின் புருஷன் யார், அவனுக்குச் சம்மதமா என்று ஆபிசர் கேட்டார். கிளாக்கர் தமிழில், "புருசன் பேர் என்ன?" என்றார்.

அவள் வழக்கம்போலப் பக்கத்தில் நின்றவளைப் பார்க்கவில்லை. என் வீட்டுக்காரரைப் பார்த்தாள். "அவங்களே சொல்லட்டுங்க" என்றாள்.

முற்றத்தில் இருந்தவர்கள், தலைவர் விசாரித்து வைத்திருப்பார் என்று எடுத்துக்கொண்டார்கள். அவரும் அப்படியே பிடித்துக்கொண்டார். தொண்டையைக் கனைத்து, மேடைக்குரலில், "இந்தம்மா புருசன் செத்துப்போயிட்டாருங்க. நான் நல்லா விசாரிச்சிட்டேன்" என்றார்.

குங்குமத்தோடு நிற்கிறவளை வைத்துக்கொண்டு சொன்னார்.

அவள், "தலைவரு சொன்னாப் பொய்யா இருக்காதுங்க. செத்துட்டாங்கன்னா இனிமேப் பேரச் சொல்லலாம். ஆயுசு கொறையாது" என்றாள். சொன்னாள். முழுப் பெயரையும், எதிர்மலைக்குக் கேட்கிற அந்தக் குரலில் சொன்னாள். மூன்று வாரமாக அந்த முற்றம் வாழ்க போட்ட பெயர்.

என் வீட்டுக்காரர் சிரிக்க முயன்றார். "இந்தப் பேருல நூறு பேரு இருப்பான்" என்றார்.

"சரிங்க" என்றாள் அவள். சேலைத் தலைப்பை எடுத்தாள். நெற்றிக்குக் கொண்டுபோய்க் குங்குமத்தில் வைத்து ஒரு இழுப்பு இழுத்தாள்.

"ஏ புள்ள! அழிச்சிராத!"

நாற்காலி பின்னால் விழுந்தது. அவர் எழுந்து நின்றுகொண்டிருந்தார். தன்னைச் செத்தவன் என்று வாயால் சொல்ல முடிந்த மனிதருக்கு, அந்தக் குங்குமம் அழிவதைப் பார்க்க முடியவில்லை. முகத்தில் அப்படி ஒரு சாவுபயம். எனக்கு மட்டும் என்று நான் பத்திரமாக வைத்திருந்த கூப்பாடு, எனக்கு முன்பே ஒருத்தி வைத்திருந்தது.

"மொனவத கிவ்வே?" என்று ஆபிசர் கேட்டார். என்ன சொன்னார் என்று கேட்கிறார். கிளாக்கர் துரையைப் பார்த்தார், பிறகு சிங்களத்தில், ஒன்றுமில்லை ஐயா, அழ வேண்டாம் என்று ஆறுதல் சொன்னார் என்றார். ஆபிசர் தலையாட்டிவிட்டுப் பேனாவை எடுத்தார்.

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். எனக்குச் சிங்களம் தெரியும் என்பது அவருக்குத் தெரியும். அப்பாவின் கடையில் படித்த சிங்களம். நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் அவள் கப்பலேறுவாள், நான் கொழும்பில் பாராளுமன்ற உறுப்பினரின் மனைவி. திறந்தால் நான் யார் என்று எனக்கே தெரியாது. பயந்தேன். பயந்துகொண்டே எழுந்தேன். அவர் கத்தியதை ஆபிசரிடம் சிங்களத்தில் சொன்னேன். "ஏ புள்ள" என்று எங்கள் ஆண்கள் பெண்டாட்டியைத்தான் கூப்பிடுவார்கள் என்றும் சொன்னேன். அந்த நூறு பேரில் இவர் எந்த ஆள் என்பதையும், பெயரோடு, அப்பன் பெயரோடு சொன்னேன். கல்யாணமாகி அந்தப் பெயர் என் வாயில் வந்தது அதுதான் முதல் தடவை. ஆபிசர் பேனாவை மூடிவிட்டார்.

பிறகு நடந்தது ஊருக்குத் தெரிந்ததுதான். ஏழு பேரையும் எடுக்காமல் மலை ஏறுவதில்லை என்று பெண்கள் அங்கேயே உட்கார்ந்துவிட்டார்கள். அந்த மாதமே ஏழு பேரும் பெரட்டில் நின்றார்கள். நியமன இடம் கண்டிக்காரருக்குப் போனது. அவள் அதே லயத்தில், அதே அறையில்தான் இருந்தாள். நான் அப்பாவின் கடைக்குப் போய்க் கல்லாவில் உட்கார்ந்தேன். ஆனால் அன்றைய சாயங்காலம்தான் எனக்கு அடிக்கடி வருகிறது.

மழை பிடித்துக்கொண்டது. அவர் காருக்குள் உட்கார்ந்து கதவைத் திறந்து வைத்திருந்தார். கோட்டில் சேறு. "ஏறு புள்ள. வீட்டுல பேசிக்கலாம்."

நான் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். "நீங்க போங்க. எனக்கு பஸ் இருக்கு" என்றேன். கார் போய்விட்டது.

எனக்குப் பின்னால் அவள் சாக்கு ஒன்றைக் கொண்டுவந்து நின்றாள், என் தலையில் போட. நெற்றியில் பாதிக் குங்குமம் அப்படியே இழுபட்டுக் கிடந்தது. அவள் கண்கள் காரையே பார்த்துக்கொண்டிருந்தன.

"பேரச் சொல்லிக் கூப்பிட்டுட்டீங்களேம்மா" என்றாள், மெதுவாக. "அவங்க ஆயுசு கொறையுமே."

நான் சாக்கை வாங்கி இரண்டு பேர் தலைக்கும் சேர்த்துப் போட்டேன்.

"செத்தவங்களுக்கு ஏதுக்கா ஆயுசு?" என்றேன்.