பூச்சுக்கு மேல் பூச்சு

என் தம்பிக்குக் கண் போய்க்கொண்டிருந்த வருடங்களில் நான் அவனுக்காகக் குட்டி விண்கலங்களுக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தேன். இதைச் சொன்னால் எல்லாரும், "தம்பி சின்னப் பையனா?" என்று கேட்பார்கள். இல்லை. முப்பதைத் தாண்டியவன், பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்த்தவன், காதோரம் நரைத்தவன். அதைக் கேட்டதும் அவர்கள் முகத்தில் ஒரு சிரிப்பு வரும். அந்தச் சிரிப்பைப் பார்க்கச் சகிக்காமல் வெளியே சொல்வதையே நிறுத்திவிட்டேன்.

அது ஒரு மேஜை விளையாட்டு. கறுப்புத் துணியை விரித்து, இரண்டு பக்கமும் கலங்களை நிறுத்தி, பகடை உருட்டி, அளவுகோலால் அளந்து அளந்து நகர்த்திச் சண்டை போட வேண்டும். ஒவ்வொரு கலமும் சுண்டுவிரல் நீளம்தான் இருக்கும். தாய்க்கலம் மட்டும் கொஞ்சம் பெரிது. வாங்கும்போது எல்லாம் வெறும் சாம்பல் நிறப் பிளாஸ்டிக்; ஆடுகிறவர்கள்தான் வண்ணம் தீட்டிக்கொள்ள வேண்டும். தம்பி பெங்களூரில் கூட்டாளிகளோடு ஞாயிற்றுக்கிழமைதோறும் ஆடிப் பழகியவன். ஆட்டத்தில் சூரன், கைவேலையில் பூஜ்யம். அவன் பெயிண்ட் அடித்த கலம் சாம்பாரில் விழுந்து எழுந்தது மாதிரி இருக்கும். ஒரு தீபாவளி லீவுக்கு ஊருக்கு வந்தபோது டப்பாவைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தான்.

"நீதான் பல்லுக்கே பெயிண்ட் அடிக்கியேக்கா. இது ஒனக்கு ஒரு வேலையா?"

நான் பல் கட்டும் லேபில் வேலை பார்க்கிறேன். டாக்டர்கள் நோயாளியின் வாயில் அளவெடுத்து அனுப்புவார்கள். நாங்கள் பீங்கானில் பல் செய்து, பக்கத்துப் பல்லின் நிறத்துக்கு ஒத்துவரும்படி மயிரிழைப் பிரஷ்ஷால் மஞ்சளும் பழுப்பும் தொட்டு வைத்து, சூளையில் சுட்டுக் கொடுப்போம். வெற்றிலை போடுகிறவர்களுக்குக் கறையோடு சேர்த்தே பல் செய்து கொடுத்திருக்கிறேன். வேலை சுத்தமாக இருந்தால் அப்படி ஒரு வேலை நடந்ததே யாருக்கும் தெரியக் கூடாது. அதுதான் எங்கள் தொழிலின் லட்சணம். பார்க்கிறவர்கள் வாயைப் பிளக்கிற மாதிரி எதையாவது செய்ய வேண்டும் என்று எனக்கும் உள்ளுக்குள் ஓர் ஆசை கிடந்தது போலிருக்கிறது. டப்பாவைத் திறந்தேன்.

கலத்தின் உடம்பு முழுக்க நுணுக்கமான பள்ளக் கோடுகள். பலகையும் பலகையும் சேருகிற இடம், கதவு, குழாய், பீரங்கி என்று எல்லாமே அந்தக் கோடுகளில்தான் இருந்தன. அடர்ந்த நீலத்தை மெல்லிசாக ஒரு பூச்சு. காய்ந்ததும் தண்ணீராகக் கரைத்த கறுப்பை ஓடவிட்டால் அது கோடுகளுக்குள் மட்டும் போய்ப் படுத்துக்கொள்ளும். பிறகு விளிம்புகளில் மட்டும் வெள்ளையை ஒற்றி எடுக்க வேண்டும். முடித்துக் கையில் கொடுத்தபோது அவன் அதை மூக்குக்கு அருகே கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தான். எனக்கு யாரும் எந்தக் காலத்திலும் அப்படி ஒரு பாராட்டுக் கொடுத்ததில்லை.

அதற்குப் பிறகு லீவுக்கு வரும்போதெல்லாம் என்னையும் ஆடவைத்தான். சாதாரணமாக வாயில்லாப் பூச்சி அவன். மேஜைக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டால் மட்டும் தளபதிதான். "அந்தக் கப்பல ஏன் அங்கன கொண்டுபோயி நிறுத்துத? மூளைய லேப்லயே வச்சிட்டு வந்துட்டியா?" என்று ஏசுவான். நான் தோற்கும்போது அவனுக்கு வருகிற குஷி இருக்கிறதே, அதற்காகவே தோற்கலாம். ஆனால் நான் ஒரு நாளும் விட்டுக்கொடுத்தது கிடையாது. விட்டுக்கொடுத்தால் அவனுக்குத் தெரிந்துவிடும்.

முதலில் அவனுக்கு அந்திவெளிச்சத்தில்தான் தடுமாறியது. ஒரு நாள் கருக்கலில் வாகையடி முக்கில் திறந்து கிடந்த சாக்கடையில் காலை விட்டுவிட்டான். நான், "ஏலே, கண்ண எங்கன வச்சிட்டு நடக்க?" என்று நடுத்தெருவில் வைத்துத் திட்டினேன். எல்லா அக்காமாரும் திட்டுகிற திட்டுதான். ஆஸ்பத்திரியில் டாக்டர் அவன் கண்ணுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்து, "அம்மா அப்பா சொந்தத்துல கல்யாணம் பண்ணினவங்களா?" என்று கேட்டார். ஆமாம். அத்தை மகன், மாமன் மகள். இரண்டு பேரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். யாரிடம் போய்ச் சண்டை போட? விழித்திரை ஓரத்திலிருந்து உள்நோக்கி அழிந்துகொண்டே வரும், மருந்து கிடையாது என்றார். என்னையும் பரிசோதித்தார்கள். எனக்கு ஒன்றும் இல்லை என்று டாக்டர் சிரித்த முகத்தோடு சொன்னபோது எனக்கு அவரை அறையலாம் போல இருந்தது.

வேலையை விட்டுவிட்டு அவன் ஊரோடு வந்துவிட்டான். குழாய் வழியாகப் பார்க்கிற மாதிரி நடுவில் மட்டும்தான் தெரிகிறது என்பான். குளிக்க, சாப்பிட, கடைக்குப் போக எல்லாவற்றுக்கும் ஆள் தேவைப்பட்டது. அந்த வீட்டில் அவன் யார் தயவும் இல்லாமல் செய்தது அந்த ஆட்டம் ஒன்றைத்தான். லேபிலிருந்து நான் வந்து முகம் கழுவுவதற்குள் துணியை விரித்து வைத்திருப்பான். அதுவும் எத்தனை நாளைக்கு என்று இரண்டு பேருக்குமே தெரியாது. அதை வாய்விட்டுப் பேசியதும் இல்லை.

ஒரு நாள் கறுப்புத் துணியில் நீலக் கலம் பிரிந்து தெரியவில்லை என்றான். அதன் மேலேயே வெளிர்நீலம் அடித்துக் கொடுத்தேன். சில மாதம் ஓடியது. பிறகு அதுவும் மங்கியது. மஞ்சள் அடித்தேன். அதற்கு மேல் வெள்ளைப் பட்டை போட்டேன். கடைசியில், ரோட்டு வேலைக்காரர்கள் போட்டுக்கொள்கிற சட்டை மாதிரி கண்ணைக் குத்துகிற ஆரஞ்சு. கோட்டுக்குள் கறுப்பு ஓடவிடுவது, விளிம்பில் வெள்ளை ஒற்றுவது எல்லாம் எப்போதோ நின்றுபோயிருந்தது. தெரிந்தால் போதும் என்று ஆகிவிட்டது. பழைய பூச்சை உரித்துவிட்டுத்தான் புதுப் பூச்சு போட வேண்டும் என்பது இந்த வேலையில் பாலபாடம். எனக்குத் தெரியாதா? உரித்துக் காயவைத்து அடிக்க ஒரு வாரம் ஆகும். அவனால் ஒரு வாரம் பொறுக்க முடியவில்லை. ஏன் பொறுக்க முடியவில்லை என்று எனக்கும் தெரியும். அதனால் பூச்சுக்கு மேல் பூச்சாகப் போட்டுக்கொண்டே போனேன்.

ஒரு மத்தியானம் நல்ல வெயில். ஜன்னல் எல்லாம் திறந்துதான் இருந்தது. துணியை விரித்து, கலங்களை நிறுத்தினேன். அவன் குனிந்தான். தலையை அப்படியும் இப்படியும் ஆட்டிப் பார்த்தான். அப்புறம் கையை நீட்டி மேஜையைத் தடவ ஆரம்பித்தான்.

"வெளிச்சம் மட்டும் தெரியுதுக்கா. கப்பல் தெரியல."

அழுவான் என்று நினைத்தேன். அழவில்லை. நிமிர்ந்து உட்கார்ந்து, "சரி, கையால ஆடுதேன். எல்லாக் கப்பலும் எனக்கு மனப்பாடம்தான்" என்றான். ஒன்றை எடுத்துப் பெருவிரலால் முதுகைத் தடவினான். திருப்பி வயிற்றைத் தடவினான். கீழே வைத்துவிட்டு இன்னொன்றை எடுத்தான். வேட்டைக் கலமும் காவல் கலமும் ஒரே நீளம்தான். முதுகில் ஓடும் கோடுகளையும் பீரங்கி இருக்கும் இடத்தையும் வைத்துத்தான் வித்தியாசம் தெரியும். அந்தக் கோடுகள் எல்லாம் பெயிண்டுக்குள் மூழ்கிக் கிடந்தன. அவனுக்குத் தெரிய வேண்டும், தெரிய வேண்டும் என்று நான் அடித்த அத்தனை பூச்சும் சேர்ந்து விரலுக்கும் தெரியாமல் பண்ணிவிட்டன.

"எல்லாம் கரைஞ்சுபோன சோப்பு மாதிரி இருக்குக்கா" என்றான். என்னைக் குத்திக்காட்டிச் சொல்லவில்லை. இருக்கிறதைச் சொன்னான். குத்திக்காட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அதன் பிறகு அவன் ஆட்டம் என்ற பேச்சையே எடுக்கவில்லை. சவரம் செய்யச் சொன்னால், யார் பார்க்கப்போகிறார்கள் என்றான். குறுக்குத்துறைக்கு ஆற்றில் குளிக்கக் கூட்டிப்போகிறேன் என்றால், பைய போகலாம் என்று சொல்லித் தட்டிக்கழித்தான். ஜன்னல் ஓரத்து நாற்காலியிலேயே பொழுது விடிந்து அடைந்தது. சாப்பிட்ட தட்டு மடியிலேயே காயும். நான் வேலைக்குப் போகும்போது எந்தப் பக்கம் முகத்தைத் திருப்பி உட்கார்ந்திருந்தானோ, சாயந்திரம் வரும்போதும் அந்தப் பக்கமே திருப்பி உட்கார்ந்திருப்பான். ஒரு நாள் வந்து பார்க்கும்போது இவன் உயிரோடு இருக்க மாட்டானோ என்ற பயம் என்னைப் பிடித்துக்கொண்டது. டவுண் பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போதெல்லாம் இதே நினைப்புதான். கதவைத் திறக்கும் முன்பு வாசலில் நின்று, உள்ளே இருமல் சத்தமாவது கேட்கிறதா என்று காது கொடுத்துவிட்டுத்தான் சாவியைப் போடுவேன்.

கடைசியில் ஒரு நாள் சொன்னேன். "எல்லாத்தையும் உரிச்சிருதேன்லே. கோடு எல்லாம் பழைய மாதிரி கைக்குத் தெரியும்."

"அப்ப கலரு?" என்றான்.

"திரும்ப அடிக்கேன். ஒரே ஒரு பூச்சு. மெல்லிசா."

"அடிக்கதா இருந்தா அந்த மொத நீலத்த அடி. அது ஒண்ணுதான் எனக்கு இன்னும் கண்ணுக்குள்ள நிக்கி."

அடிக்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

கலங்களை லேபுக்கு எடுத்துப்போய், சாப்பாட்டு நேரத்தில் ஸ்பிரிட்டில் ஊறப்போட்டுப் பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்தேன். லேப் அண்ணாச்சி எட்டிப் பார்த்துவிட்டு, "என்னம்மா, ஆரஞ்சுக் கலர்ல யாருக்குப் பல்லு கட்டுத?" என்றார். சிரித்து வைத்தேன். பூச்சுகள் அடித்த வரிசைக்குத் தலைகீழாக வந்தன. முதலில் ஆரஞ்சு தோல் தோலாக உரிந்தது. பிறகு வெள்ளை, மஞ்சள், வெளிர்நீலம். எதை அடித்தபோது அவனுக்கு எவ்வளவு தெரிந்தது என்று ஒவ்வொன்றிலும் எனக்கு ஞாபகம் வந்தது. கடைசியில் அந்த முதல் நீலம் தலைகாட்டியது. அதன் கோடுகளுக்குள் நான் ஓடவிட்ட கறுப்பு இருந்தது, விளிம்பில் வெள்ளையும் இருந்தது. அவன் முழுக் கண்ணோடு பார்த்த ஒரே பூச்சு அதுதான். பிரஷ்ஷை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெளிர்நீலம் அங்கங்கே அதோடு ஒட்டிக்கொண்டு, கோடுகளை இன்னும் அடைத்துக்கொண்டுதான் இருந்தது. அதையும் தேய்த்துத்தான் ஆக வேண்டும். தேய்த்தேன்.

வீட்டில் நீலப் புட்டியைத் திறந்து, ஒரு கலத்துக்கு மட்டும் அடித்துப் பார்த்தேன். காய்ந்ததும் கண்ணை மூடிக்கொண்டு நகத்தால் தடவினேன். கோடு இருந்தது, ஆனாலும் ஒரு இழை மழுங்கித்தான் இருந்தது. அவ்வளவு மழுங்கல் பரவாயில்லை, அவன் விரல் பழகிக்கொள்ளும். அதைச் சாக்காகச் சொல்லக் கூடாது. உண்மை என்னவென்றால், யாருக்காக இதை அடிக்கிறோம் என்று ஒரு நினைப்பு வந்தது. வந்தது போகவில்லை. அவன் பார்க்கப்போவதில்லை. நான் ஒருத்திதான் பார்க்கப்போகிறேன். அந்த நீலத்தைத் தனியாக உட்கார்ந்து பார்க்க எனக்குத் தெம்பில்லை. அடித்ததையும் கழுவிவிட்டேன்.

மறுநாள் சாம்பல் நிறத்தில் வந்தது வந்தபடியே எல்லாக் கலங்களையும் மேஜையில் நிறுத்தி, அவன் கையைப் பிடித்துக் கொண்டுவந்து உட்காரவைத்தேன். ஒன்றை எடுத்தான். பெருவிரலை ஒரு ஓட்டு ஓட்டினான்.

"வேட்டைக் கப்பல்."

அடுத்தது. "காவல்." அடுத்தது. "இதுவும் வேட்டை. இத நீ வச்சுக்கோ." ஒன்றுகூடத் தப்பவில்லை. வெகு நாளுக்குப் பிறகு குரலில் அந்தப் பழைய அதிகாரம் வந்திருந்தது. "அளவுகோல எடு. என்ன முழிச்சிட்டு இருக்க?" என்று அதட்டினான். அளந்து சொன்னேன். பகடையை உருட்டி, குழியை அவனே விரலால் எண்ணிக்கொண்டான்.

இரண்டு சுற்று முடிந்தது. தாய்க்கலத்தை நகர்த்தப் போனவன் அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு, "நீலம் அடிச்சிட்டியாக்கா?" என்று கேட்டான்.

"அடிச்சிட்டேன்."

"அதே நீலமா?"

"அதேதான்லே."

அவன் நாற்காலியைத் திருப்பிக்கொண்டு, வெளிச்சம் வருகிற ஜன்னல் பக்கமாக அந்தச் சாம்பல் பிளாஸ்டிக்கைத் தூக்கிப் பிடித்தான். முன்பெல்லாம் செய்வது போல மூக்குக்கு அருகே கொண்டுவந்து, திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"நல்லா வந்திருக்குக்கா" என்றான்.