இடி நேரத்தில் ஒரு ஃபைபர் போன்

ஐப்பசியில் ஒரு செவ்வாய்க்கிழமை மாலை ஆரல்வாய்மொழியிலிருந்து புகார் வந்தது. கரண்ட் போனால் ஃபைபர் போனும் போய்விடுகிறது, அவசரம். செம்புக் கம்பிக் காலத்தில் லைன்மேனாகச் சேர்ந்தவன் நான். எல்லாப் புகாரும் அவசரம்தான் என்று நினைத்துக்கொண்டே போனேன்.

வாசலிலேயே, புகார் கொடுத்த சரோஜா அக்கா சொன்னார்: "நேத்து ஆசுபத்திரியில இருந்து கூப்பிட்டாவளாம் தம்பி, கிட்னி ஒண்ணு இருக்கு, ஒடனே வாங்கன்னு. லைன் கெடைக்கல. அடுத்த ஆளுக்குக் குடுத்துட்டாவ. காலையிலதான் சொல்லுதாவ."

உள்ளே, மாற்றுக் கிட்னிக்குப் பெயர் பதிந்து காத்திருக்கும் அவர் கணவர் செல்லத்துரை டயாலிசிஸ் முடித்த களைப்பில் படுத்திருந்தார். மலையடிவார வீடு. கரண்ட் போன சற்று நேரத்தில் செல்போன் டவரும் படுத்துவிடும். ஆசுபத்திரி மறுபடி எப்போது வேண்டுமானாலும் கூப்பிடலாம்.

ஃபைபர் பெட்டியில் எல்லா விளக்கும் பச்சை. மீட்டரில் ஒளியளவு சரி. பெட்டி இன்வெர்ட்டர் பிளக்கில்தான் இருந்தது. மெயினை அணைத்தேன், அப்போதும் டயல் டோன் கேட்டது; மறுபடி போட்டேன். கோளாறே இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

மலைப்பக்கம் இடி உருண்டது. கரண்ட் போயிற்று. இன்வெர்ட்டரில் ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது, ஆனால் பெட்டி இருண்டு கிடந்தது. திரும்பினால், அக்கா கையில் பிளக்.

"எதுக்குக்கா பிடுங்குனிய?"

"இடி இடிக்கில்லா? வைஃபை பெட்டி கரிஞ்சிரும்லா. போனுக்கு எதுக்குக் கரண்ட்? அது தனி வயருல்லா!"

செம்பில் அது உண்மை. போனுக்கு வேண்டிய மின்சாரம் எக்ஸ்சேஞ்சிலிருந்து கம்பி வழியே வரும். ஃபைபர் கண்ணாடி இழை, அதில் வெளிச்சம் மட்டுமே வரும். பெட்டி அணைந்தால் போனும் இல்லை. இதைச் சொன்னேன். அக்கா பிளக்கைப் பிடித்தபடியே நின்றார்.

கட்டிலிலிருந்து குரல் வந்தது: "ஏட்டி, அப்பம் எனக்க கிட்னியைப் பிடுங்கிப் போட்டது நீயாக்கும்?"

செல்லத்துரை சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை.

"இனிமே தொடவே மாட்டேன் தம்பி."

நான் நம்பவில்லை. இடி கேட்டதும் தானாக நீளும் கை அது. அவர் பயமும் பொய்யில்லை. மின் லைன் வழியே இடி இறங்கிக் கரிந்த பெட்டிகளை நானே மாற்றியிருக்கிறேன். வண்டியிலிருந்து சார்ஜ் ஏற்றிய மினி யு.பி.எஸ். ஒன்றை, பெட்டிக்கென்றே உள்ள குட்டி பேட்டரியை, எடுத்து வந்து அடாப்டருக்கும் பெட்டிக்கும் நடுவே மாட்டி, பிளக்கையும் செருகினேன்.

"இப்பம் பிடுங்குங்க."

பிடுங்கினார். பச்சை விளக்குகள் அணையவில்லை. கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது. அக்கா பாய்ந்து எடுத்தார்.

"யாரு? ஏட்டி, அங்க கரண்ட் உண்டான்னு கேக்கவா கூப்பிட்ட? வை போனை! லைன் சும்மா கெடக்கணும்!"

நாகர்கோவில் தங்கச்சியாம்.

அந்த மழைக்காலம் முடியுமுன் ஆசுபத்திரி கூப்பிட்டது. அப்போதும் இடி, அப்போதும் பிளக் சுவரில் இல்லை. அக்கா முதல் மணியிலேயே எடுத்துவிட்டார். இப்போது செல்லத்துரை நடந்தே கடைக்குப் போய் வருகிறார்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்கிறேன்: பெட்டியில் பச்சையைப் பார்த்ததும் கிளம்பிவிடாதீர்கள். ஒரு வீட்டில் இணைப்புக் கொடுக்கும்போது, இன்வெர்ட்டர் இருக்கிறதா என்று கேட்பதற்கு முன்னால் நான் இதைத்தான் கேட்கிறேன்: "இடி இடிச்சா எந்தப் பிளக்கைப் பிடுங்குவிய?"