அத்தையின் வலது கால்

என் அத்தை பதினாறு வருடம் டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். அந்தக் காரில் அவர் உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக் இருக்கும். ஓட்டுகிறவர் தடுமாறினால் அத்தையின் வலது கால் தானாக அதை மிதித்துவிடும். வீட்டில் மாமா வேகமாகப் படி இறங்கினால்கூட அந்தக் கால் தரையை அழுத்தும்.

ஸ்கூல் மூடிய பிறகு, புதியவர்களைக் காயலில் கயாக் என்கிற சின்னத் துடுப்புப் படகில் அழைத்துப்போகும் வேலைக்கு ஆசைப்பட்டார். நாற்பத்தொன்பது வயதில் நீச்சல் கற்று, துடுப்புப் போடப் பழகி, முதலுதவிச் சான்றிதழும் வாங்கிவிட்டார். மிச்சம் ஒரே ஒரு பரீட்சை. அலையாத்தி மரங்களுக்கு நடுவே ஓடும் ஒடுக்கமான கால்வாயில் புதியவர்களைக் கூட்டிப்போய்த் திரும்ப வேண்டும். எந்தப் படகும் சேற்றில் தட்டக் கூடாது. அதில் இரண்டு முறை தோற்றிருந்தார்.

காரணம் அந்தக் கால்தான். வழிகாட்டியின் படகில் மட்டும், காலால் மிதித்துத் திருப்பும் சுக்கான் உண்டு. வலது மிதியை அழுத்தினால் படகு வலப்பக்கம் வளையும். பின்னால் வருகிறவர் மோதப் போகிறார் என்றதும் அத்தை பிரேக் போடுவார். படகு சேற்றுத் திட்டில் போய்ச் சொருகும். அவரைப் பார்த்துத் துடுப்புப் போடும் புதியவர்களும் வாத்துக் கூட்டம்போல் பின்னாலேயே சொருகுவார்கள்.

மூன்றாவது பரீட்சைக்கு நானும் ஒரு புதியவளாகப் போனேன். எனக்குப் பின்னால் ஒரு பல் டாக்டரும் அவர் மனைவியும் இரட்டைப் படகில். கடைசியில் படகு முதலாளி, அத்தையைவிட வயதில் சின்னவர்.

"இதான் கடைசி, அக்கா. இதுலயும் தட்டிச்சுன்னா டிக்கெட் கவுண்டர்ல உக்காந்துக்குங்க" என்றார்.

"உக்கார்றதுக்கா தம்பி நீச்சல் கத்துக்கிட்டேன்?"

தண்ணீர் அசையவே இல்லை. முதல் துடுப்புக்கே படகு வழுக்கிக்கொண்டு போனது. என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"துடுப்ப லேசாப் பிடிங்க. மாவு பிசைய வேண்டாம்" என்றார் அத்தை.

கால்வாய்க்குள் நுழைந்ததும் டாக்டர், "நீ கொஞ்சம் வாய மூடிட்டுத் துடுப்பப் போடேன்" என்றார்.

"ஊர்ல எல்லாரையும் வாயத் திறங்கன்னு சொல்றவரு, என்னை மட்டும் மூடச் சொல்றீங்க" என்றார் மனைவி.

அந்தப் பேச்சில் அவர்கள் படகு இடப்பக்க வேர்களை நோக்கித் திரும்பிவிட்டது. அத்தை திரும்பிப் பார்த்தார். அவ்வளவுதான், அவர் படகின் மூக்கு வலப்பக்கம் துள்ளியது. நானும் அதே பக்கம் வளைந்தேன். சேறு கைக்கெட்டும் தூரத்தில்.

அத்தை சட்டென்று இரண்டு கால்களையும் உள்ளேயிருந்து உருவி, படகின் மேல் நீட்டிப் போட்டார்.

"எல்லாரும் நிறுத்துங்க. டாக்டர், நீங்க சும்மா இருங்க. அம்மா, நீங்க மட்டும் வலப்பக்கம் பின்னால தள்ளுங்க." என்னைப் பார்த்து, "நீ என்னை மாதிரியே இடப்பக்கம் பின்னால தள்ளு" என்றார்.

தள்ளினேன். படகு மெல்லத் திரும்பி நடுவுக்கு வந்தது. வேருக்கு ஒரு சாண் முன்னால் டாக்டரின் படகும் திரும்பியது.

"அக்கா, கால உள்ள வைங்க" என்று பின்னாலிருந்து குரல் கொடுத்தார் முதலாளி.

"வச்சா மிதிக்கும், தம்பி. வெளியவே கிடக்கட்டும்."

அப்படியே, சுக்கானைத் தொடாமல், துடுப்பாலேயே கால்வாயின் மறுமுனைவரை அழைத்துப்போய்த் திரும்பினார். அகன்ற நீருக்கு வந்ததும் டாக்டரின் மனைவி என்னோடு பந்தயம் கட்டினார். யாரும் கேட்காமலே டாக்டரும் வேகமாகத் துடுப்புப் போட்டார்.

கரையில் முதலாளி படகுகளை ஒவ்வொன்றாகக் கவிழ்த்து அடியைத் தடவிப் பார்த்தார். அவர் விரல்களில் தண்ணீர் மட்டும்தான் இருந்தது.

"நாளைக்கு எட்டுப் பேர் வர்றாங்க, அக்கா. ரெண்டு பேருக்குத் தண்ணின்னாலே பயமாம்."

"அவங்கள எனக்கு நேர் பின்னால விடுங்க" என்றார் அத்தை. பிறகு என் பக்கம் திரும்பி, "மாமாகிட்ட நீ முந்திக்காத, நான்தான் சொல்வேன்" என்று போனைத் தேடி ஓடினார். லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றக்கூட இல்லை.